நேரில் காணச் சென்ற நெடுவழி

நுழையும்முன்

தமிழகத்திலிருந்து ஐதராபாத்திற்கு வந்து வாழும் நம் குடும்பங்களுக்குப் பிரிவு புதியதன்று. தாத்தாவும் பாட்டியும் சொந்த ஊரில் இருப்பர். பெற்றோர் இங்குப் பணிபுரிவர். சிலர் இல்லங்களில் தந்தையோ தமையனோ துபாயிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். தமிழகத்தில் இருப்பவரைக் காணச் சார்மினார் விரைவுவண்டியில் ஓர் இரவு பயணம் செய்தால் சென்னையை அடைந்துவிடலாம். கடலுக்கு அப்பால் இருப்பவரைக் காண என்ன செய்வது? கைப்பேசியில் முகம் தெரிகிறது, குரல் கேட்கிறது. ஆயினும் அது நேரில் காண்பதற்கு ஈடாகுமா? தம் துணைவியை நேரில் காண்பதற்காகத் தனியே பல நாடுகளைக் கடந்து சென்ற ஒருவரின் உண்மை வரலாற்றையும், அத்தகைய பயணத்திற்கு இன்று நாம் அறிந்திருக்க வேண்டியவற்றையும் இப்பாடத்தில் கற்போம்.

பிரிவும் காத்திருப்பும்

மாணவர்களே, நம் இலக்கியம் பிரிவைப் பெரிதும் பேசியுள்ளது. சங்க இலக்கியத்தில் பாலைத் திணைக்கு உரிய பொருள் பிரிதல். முல்லைத் திணைக்கு உரிய பொருள் இருத்தல். நெய்தல் திணைக்கு உரிய பொருள் இரங்கல். பொருள் தேடத் தலைவன் பிரிந்து செல்வான். தலைவி வீட்டில் இருந்து அவன் வரவை எதிர்நோக்குவாள். கடல்வழிப் பயணம் பெண்களோடு நிகழ்வதில்லை என்று தொல்காப்பியத்தின் அகத்திணையியல் கூறுகிறது. பிரிந்தவர் திரும்பி வருவார். இருப்பவர் அவரைத் தேடிச் செல்வதில்லை. இதுவே அக்கால வழக்கு.

இவ்வழக்கின் சுமை இருபதாம் நூற்றாண்டிலும் நீங்கவில்லை. கணித மேதை இராமானுசன் 1914 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 17 ஆம் நாள் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறி இங்கிலாந்து சென்றார். அவருடைய இளம் மனைவி சானகி தமிழகத்திலேயே இருந்தார். சில திங்களில் முதல் உலகப்போர் தொடங்கியது. கடற்பயணம் இடர் மிக்கதாயிற்று. குடும்பச் சூழலால் கணவன் மனைவியரிடையே மடல்களும் ஒழுங்காகச் சென்று சேரவில்லை. 1919 மார்ச்சில் இராமானுசன் உடல்நலம் குன்றியவராய்த் தாயகம் திரும்பினார். 1920 ஏப்பிரல் 26 ஆம் நாள் காலமானார். ஐந்தாண்டுப் பிரிவுக்குப் பின் அவ்விருவரும் சேர்ந்திருந்த காலம் ஓராண்டுக்குச் சற்றே மிகுதி. அதிலும் பெரும்பகுதி நோயிலேயே கழிந்தது. சானகி அம்மையார் 1994 வரை வாழ்ந்தார். கடல் கடந்து சென்று கணவரைக் காணும் வாய்ப்பு அவருக்கு ஒருபோதும் கிட்டவில்லை.

போகும் வழி இல்லாதவர் வாழ்வு இது. கையில் பொருள் இல்லாதபோதும் போகும் வழியைத் தாமே அமைத்துக்கொண்ட ஒருவரை இனிக் காண்போம். அவர் பெயர் பிரத்யும்ன குமார் மகாநந்தியா.

ஓவியரும் வழிப்போக்கரும்

மகாநந்தியா 1949 ஆம் ஆண்டு ஒடிசா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், ஒடுக்கப்பட்ட ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளியில் பயிலும்போதே தீண்டாமைக் கொடுமையை உணர்ந்தார். ஆயினும் அவர் விரல்களில் ஓவியத் திறன் இருந்தது. அத்திறனே அவரைத் தில்லிக் கலைக் கல்லூரியில் சேர்த்தது. படிப்புச் செலவுக்கும் உணவுக்கும் பணம் போதாத நிலையில், தில்லியின் கன்னாட் பிளேசு பகுதியில் அமர்ந்து, வருவோர் போவோரின் உருவங்களை வரைந்து கொடுத்துப் பொருள் ஈட்டினார். பத்தே நிமிடங்களில் ஓர் உருவத்தை வரைந்து முடிக்கும் ஓவியர் என்று அங்கே பெயர் பெற்றார்.

1975 திசம்பரில் சார்லட் வான் செட்வின் என்னும் சுவீடன் நாட்டு இளம்பெண் அவ்வழியே வந்தார். அவருக்கு அப்போது வயது 19. ஐரோப்பாவிலிருந்து தரைவழியாக ஊர்தி ஓட்டிக்கொண்டு 22 நாள்களில் இந்தியா வந்து சேர்ந்தவர் அவர். மகாநந்தியாவிடம் தம் உருவத்தை வரையச் சொன்னார். ஓவியம் அவருக்கு நிறைவளிக்கவில்லை. எனவே மறுநாளும் வந்தார். உரையாடல் நட்பாகி, நட்பு அன்பாக மலர்ந்தது. இருவரும் ஒடிசா சென்றனர். கோனார்க் கோவிலைக் கண்டனர். சார்லட் புடவை அணிந்து மகாநந்தியாவின் தந்தையைச் சந்தித்தார். குடும்பத்தாரின் வாழ்த்தோடு, பழங்குடி மரபுப்படி அவர்கள் மணம் புரிந்துகொண்டனர்.

சார்லட் தாயகம் திரும்ப வேண்டிய நாள் வந்தது. தம்முடன் வருமாறு கணவரை அழைத்தார். மகாநந்தியாவின் படிப்பு இன்னும் முடியவில்லை. படிப்பை முடித்தபின், நெசவுத் தொழிலுக்குப் பெயர் பெற்ற போரோசு என்னும் அவருடைய ஊருக்கு வந்து சேர்வதாக அவர் வாக்களித்தார். ஓராண்டுக்கு மேலாக மடல்களே இருவரையும் இணைத்தன. ஒரு மடல் சென்று மறுமொழி வருவதற்குள் வாரங்கள் கடந்துவிடும் காலம் அது.

மிதிவண்டியில் ஒரு பயணம்

வாக்கை நிறைவேற்றும் வேளை வந்தது. விமானச் சீட்டு வாங்கும் அளவுக்கு மகாநந்தியாவிடம் பணம் இல்லை. தம்மிடம் இருந்த பொருள்களை எல்லாம் விற்றார். ஒரு மிதிவண்டி வாங்கினார். 1977 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 22 ஆம் நாள் பயணத்தைத் தொடங்கினார். வண்ணங்களும் தூரிகைகளும் அவருடன் சென்றன.

நாள்தோறும் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் மிதித்தார். ஆப்கானிஸ்தான், ஈரான், துருக்கி என அவருடைய வழி மேற்கு நோக்கி நீண்டது. அக்காலத்தில் ஐரோப்பிய இளைஞர் பலர் இத்தரைவழியாகவே இந்தியா வந்து சென்றனர். சார்லட் வந்த வழியும் அதுவே. எனவே, அவர் சென்றது எவரும் அறியாத வழி அன்று. ஆனால் எளிய வழியும் அன்று. கால்கள் வலித்தன, உணவு கிடைக்காத நாள்களும் உண்டு. ஆப்கானிஸ்தானில் மக்கள் பலர் இந்தி மொழியை அறிந்திருந்தனர். அங்கு அவர் பேசிப் பழக முடிந்தது. ஈரானை அடைந்தபோது மொழி தடையாயிற்று.

அப்போது அவருக்குத் துணை நின்றது அவருடைய ஓவியமே. வழியில் சந்தித்தவர்களின் உருவங்களை வரைந்து கொடுத்தார். சிலர் பணம் தந்தனர், சிலர் உணவளித்தனர், சிலர் இரவு தங்க இடம் அளித்தனர். தில்லித் தெருவில் வயிற்றுப்பாட்டுக்காகப் பழகிய தொழில், அயல்நாட்டில் அவருக்கு மொழியாகவும் பணமாகவும் பயன்பட்டது. இதனை நாம் கருத்தூன்றிக் காணவேண்டும். அவர் தனியே புறப்பட்டார் என்பது உண்மை. ஆனால், வழிநெடுக அவரை வீட்டினுள் அழைத்து உணவிட்ட மனிதர்கள் இல்லையேல் அவர் சென்று சேர்ந்திருக்க இயலாது.

இசுதான்புல், வியன்னா நகரங்களைக் கடந்தபின், தொடர்வண்டியில் சுவீடனின் கோதன்பர்கு நகரை அடைந்தார். அவர் வந்து சேர்ந்த நாள் 1977 மே 28. புறப்பட்டு நான்கு திங்களுக்கு மேல் ஆகியிருந்தது. பிரிந்து ஓராண்டுக்கு மேலான பின் கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் நேரில் கண்டனர்.

சேர்ந்த பின்னும் இடர்கள் முற்றும் தீரவில்லை. ஐரோப்பிய வாழ்க்கை முறை அவருக்குப் புதியது. உணவும் உடையும் பழக்கங்களும் வேறு. சார்லட்டின் பெற்றோர் மனநிறைவு கொள்வதற்கும் காலம் ஆயிற்று. ஒவ்வொரு படியிலும் சார்லட் அவருக்குக் கைகொடுத்தார். பின்னர் சுவீடன் நாட்டுச் சட்டப்படியும் அவர்கள் மணம் செய்துகொண்டனர். இரண்டு மக்களைப் பெற்று, போரோசு நகரிலேயே வாழ்ந்தனர். மகாநந்தியா அங்கும் ஓவியராகவே விளங்கினார். பெர் யே. ஆண்டர்சன் என்னும் சுவீடன் எழுத்தாளர் இவ்வரலாற்றை நூலாக எழுதினார்.

பிற்காலத்தில் செய்தியாளர்கள் இப்பயணத்தை வியந்து பேசியபோது, மகாநந்தியா அதனைப் பெரும் செயலாகக் கருதவில்லை. மனைவியைக் காண வேண்டியிருந்தது. கையில் பணம் இல்லை. ஆகவே மிதிவண்டியில் சென்றேன் என்னும் கருத்துப்படவே மறுமொழி கூறினார். மிதிவண்டி ஓட்டுவதில் தமக்குத் தனி விருப்பம் இல்லை என்றும் கூறினார். அவருக்குப் பயணம் குறிக்கோள் அன்று. சென்று காண்பதே குறிக்கோள்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். 1979 ஆம் ஆண்டு ஈரானில் புரட்சி ஏற்பட்டது. அவ்வாண்டு இறுதியில் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத்துப் படைகள் நுழைந்தன. அத்தரைவழிப் பயணங்கள் நின்றுபோயின. மகாநந்தியா தம் பயணத்தை மூன்றாண்டுகள் தள்ளிப்போட்டிருந்தால், அவ்வழியே அவர் சென்றிருக்க முடியாது.

இன்று நாம் செல்வதானால்

இன்று மிதிவண்டியில் செல்லவேண்டிய தேவை இல்லை. சம்சாபாத்தில் 2008 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இராசீவ்காந்தி பன்னாட்டு விமான நிலையத்திலிருந்து துபாய், தோகா முதலிய நகரங்களுக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் சென்றுவிடலாம். வழி குறுகியது, ஆனால் வழியில் காட்டவேண்டிய ஆவணங்கள் பெருகியுள்ளன. விடுமுறையில் தந்தையையோ தாயையோ காணத் தனியே செல்லும் மாணவர் பின்வருவனவற்றை அறிந்திருத்தல் வேண்டும்.

முதலாவது கடவுச்சீட்டு. பதினைந்து வயது நிறையாத சிறுவர்க்கு இது பொதுவாக 5 ஆண்டுகளுக்கு வழங்கப்படுகிறது. பயண நாளிலிருந்து குறைந்தது 6 திங்கள் செல்லுபடியாகும் கடவுச்சீட்டையே நாடுகள் பல ஏற்கின்றன. எனவே, விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பே அதன் முடிவு நாளைப் பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது பெயர். இது தமிழர்க்கே உரிய சிக்கல். நாம் தந்தை பெயரின் முதல் எழுத்தைத் தலைப்பெழுத்தாக எழுதுகிறோம். கடவுச்சீட்டில் தலைப்பெழுத்துக்கு இடமில்லை. தந்தை பெயரை முழுமையாக விரித்து எழுதவேண்டும். கடவுச்சீட்டில் உள்ளவாறே பயணச்சீட்டிலும் பெயர் இருத்தல் வேண்டும். பள்ளிச் சான்றிதழில் ஒருவாறும் கடவுச்சீட்டில் வேறுவாறும் பெயர் இருப்பின் இடர் நேரும். ஒரே சொல்லால் ஆன பெயர் மட்டும் பதிவாகியுள்ள கடவுச்சீட்டுடன் வருகை விசாவில் வருவோரை ஏற்பதில்லை என ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. பெயர்ப் பதிவு எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு இஃது ஒரு சான்று.

மூன்றாவது நுழைவு இசைவு. இதனையே விசா என்கிறோம். செல்லும் நாட்டின் அரசு இதனை வழங்கும். அங்கு வாழும் உறவினரின் முகவரியும் தொடர்பு எண்ணும் இதற்குத் தேவைப்படும்.

நான்காவது ஒப்படைப்பு. ஐந்து வயது நிறைந்து பன்னிரண்டு வயது நிறையாத சிறுவர் தனியே செல்லும்போது, விமான நிறுவனங்கள் பலவும் அவர்களைத் துணையின்றிச் செல்லும் சிறார் என்று தனியே பதிவு செய்கின்றன. வழியனுப்பும் பெரியவர் படிவத்தில் கையொப்பமிட்டுக் குழந்தையை ஊழியரிடம் ஒப்படைப்பார். ஊழியர் குழந்தையை விமானத்திற்கு அழைத்துச் செல்வார். இறங்கும் இடத்தில், படிவத்தில் பெயர் குறிக்கப்பட்டவர் தம் அடையாளச் சான்றைக் காட்டிய பின்னரே குழந்தை அவரிடம் சேர்க்கப்படும். வேறு எவர் வந்து அழைத்தாலும், தந்தையின் நண்பர் என்று கூறினாலும், செல்லுதல் கூடாது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோர்க்கான விதிகள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். முன்பே கேட்டறிதல் வேண்டும்.

ஐந்தாவது நினைவில் கொள்ளவேண்டியவை. கைப்பேசியின் மின்னூட்டம் தீர்ந்துபோகலாம். எனவே, தந்தையின் தொலைபேசி எண்ணையும் முகவரியையும் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வதோடு, எண்ணை மனப்பாடமாகவும் அறிந்திருத்தல் நன்று. துபாயின் நேரம் இந்திய நேரத்துக்கு ஒன்றரை மணி பின்னதாகும். இங்கு மாலை 6 மணி எனில் அங்கு மாலை 4.30 மணி. வந்து சேரும் நேரத்தைக் கூறும்போது எந்நாட்டு நேரம் என்பதையும் சேர்த்துக் கூறவேண்டும்.

மொழியைப் பற்றி ஐதராபாத் மாணவர்கள் பெரிதும் அஞ்சவேண்டியதில்லை. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, கடைவீதியில் உருது, பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் என நீங்கள் பல மொழிகளைக் கேட்டு வளர்கிறீர்கள். வளைகுடா நாடுகளில் தமிழும் இந்தியும் உருதும் பேசுவோர் மிகப் பலர். நம் நகரின் பெயர்ப்பலகைகளில் காணும் உருது எழுத்துகள் அரபு எழுத்து முறையைச் சார்ந்தவை. அங்குள்ள பலகைகளும் கண்ணுக்கு முற்றிலும் புதியனவாகத் தோன்றா. ஐயம் எழுந்தால் சீருடை அணிந்த ஊழியரிடம் தயங்காமல் கேளுங்கள். மகாநந்தியா ஓவியத்தால் பேசினார். நீங்கள் சொற்களால் பேசலாம்.

ஒன்றை மறவாதீர்கள். தந்தையை நேரில் கண்டவுடன் இடைவெளி முற்றும் நீங்கிவிடும் என்று எண்ண வேண்டா. பல திங்கள் பிரிந்திருந்தவர் சற்று மாறியிருப்பார், நீங்களும் வளர்ந்திருப்பீர்கள். அவருடைய தங்குமிடம் சிறிதாக இருக்கலாம். பணி நேரம் நீண்டதாக இருக்கலாம். கைப்பேசியில் சிரித்த முகத்தையே கண்டவர்கள், அவருடைய களைப்பை அங்கேதான் காண்பீர்கள். அவர் எழும் நேரம், உண்ணும் உணவு, செல்லும் பேருந்து ஆகியவற்றை உடனிருந்து காணும்போது, அவர் அனுப்பும் பணத்தின் பின்னுள்ள உழைப்பு விளங்கும். நேரில் சென்று காண்பதன் பயன் இதுவே.

சொற்பொருள்

இரங்கல் – வருந்துதல்
ஈடு – நிகர், சமம்
தமையன் – அண்ணன்
மடல் – கடிதம்
திங்கள் – மாதம்
தூரிகை – ஓவியம் தீட்டும் கோல்
கடவுச்சீட்டு – பாஸ்போர்ட்
நுழைவு இசைவு – விசா
இன்றியமையாதது – கட்டாயம் தேவையானது

இலக்கணக் குறிப்பு

மிதிவண்டி – வினைத்தொகை
கணவன் மனைவியர் – உம்மைத்தொகை
கிடைக்காத – எதிர்மறைப் பெயரெச்சம்
சென்று – வினையெச்சம்
கண்டவர்கள் – வினையாலணையும் பெயர்

பயிற்சி

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. பாலைத் திணைக்கு உரிய பொருள் ________.
2. மகாநந்தியா சென்று சேர்வதாக வாக்களித்த ஊர் ________.
3. மகாநந்தியா நாள்தோறும் ஏறத்தாழ ________ கிலோமீட்டர் பயணம் செய்தார்.
4. கடவுச்சீட்டில் தந்தையின் பெயரை ________ எழுதவேண்டும்.

ஆ. காலவரிசைப்படுத்துக.
மகாநந்தியா கோதன்பர்கு அடைதல், இராமானுசன் கப்பல் ஏறுதல், ஈரானில் புரட்சி, சார்லட் தில்லிக்கு வருதல், சம்சாபாத் விமான நிலையம் திறத்தல்.

இ. கணக்கிட்டு எழுதுக.
1. மகாநந்தியா 1977 சனவரி 22 இல் புறப்பட்டு மே 28 இல் சேர்ந்தார். இடைப்பட்ட நாள்கள் எத்தனை?
2. ஐதராபாத்தில் இரவு 9 மணிக்குப் புறப்படும் விமானம் நான்கு மணி நேரத்தில் துபாயை அடைகிறது. அப்போது துபாயில் மணி என்ன?

ஈ. ஓரிரு தொடர்களில் விடையளிக்க.
1. சானகி அம்மையார் இங்கிலாந்து செல்ல இயலாமைக்குத் தடையாக இருந்தவை யாவை?
2. ஈரானில் மகாநந்தியாவுக்கு எது துணை நின்றது? எவ்வாறு?
3. அயல்நாட்டில் இறங்கியதும், அறியாத ஒருவர் தந்தையின் நண்பர் என்று கூறி அழைத்தால் நீ என்ன செய்வாய்?

உ. விரிவான விடையளிக்க.
மகாநந்தியா தனியே சென்றார் எனினும் பலர் துணையோடு சென்றார் என்பதனைப் பாடப்பகுதி கொண்டு விளக்குக.

ஊ. மடல் எழுதுக.
வெளிநாட்டில் அல்லது தமிழகத்தில் இருக்கும் உன் குடும்பத்தார் ஒருவருக்கு, விடுமுறையில் அவரைக் காண வரவிருப்பதைத் தெரிவித்து மடல் எழுதுக. வந்து சேரும் நாள், நேரம், எவர் அழைக்க வரவேண்டும் என்பவற்றைத் தெளிவாகக் குறிப்பிடுக.

எ. கேட்டு அறிக.
உன் குடும்பத்தில் முதன்முதலில் ஐதராபாத்திற்கு வந்தவர் யார்? அவர் தனியே வந்தாரா? எந்த ஆண்டு வந்தார்? யாருடைய முகவரியைக் கையில் வைத்திருந்தார்? தெலுங்கு அறியாதபோது எவ்வாறு பேசினார்? முதல் இரவு எங்கே தங்கினார்? அவரிடம் கேட்டு, பத்துத் தொடர்களில் தமிழில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.